பூனைக்கு வரும் லுகேமியா

பூனைக்கும் இரத்தப் புற்றுநோய் வருமா என்று கேட்டால் நம்மில் பலர் சிரித்துவிடுவோம். மனிதருக்கு வரும் பெரிய நோய்களெல்லாம் பூனைக்கு எதற்கு என்று தோன்றும். ஆனால் வரும். அதுவும் தொற்றுநோயாக வரும் என்பதுதான் வியப்பு. மனிதருள் ஒருவருக்கு இரத்தப் புற்றுநோய் இருந்தால், பக்கத்தில் அமர்ந்தவருக்கு அது ஒட்டிக்கொள்வதில்லை. பூனைகளிலோ, ஒரே தட்டில் பால் குடிப்பதாலும் ஒன்றையொன்று நக்கிக் கொடுப்பதாலும் பரவிவிடுகிறது. இதனைப் ‘பூனை லுகேமியா’ என்றும், இதற்குக் காரணமான கிருமியைப் ‘பூனை லுகேமியா வைரஸ்’ என்றும் மருத்துவர்கள் அழைக்கின்றனர்.

பெயரை வைத்து நோயை எடைபோட்டுவிடக் கூடாது. லுகேமியா என்று சொன்னாலும், இந்த வைரஸ் நிலைத்துவிட்ட பூனைகளில் பெரும்பாலானவை புற்றுநோயால் இறப்பதில்லை. இரத்த சோகையாலும், நோய் எதிர்ப்புச் சக்தி குன்றிய உடலில் வேறு கிருமிகள் புகுந்துவிடுவதாலும் இறப்பவையே மிகுதி. ஆகவே “புற்றுநோய், இனி ஒன்றும் செய்வதற்கில்லை” என்று கைவிடுவது சரியாகாது. நோய் கண்ட பூனையை வைத்துக் காப்பாற்றுவதா, ஊசி போட்டு முடித்துவிடுவதா என்ற கேள்விக்கு மருத்துவ உலகம் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் சொன்ன விடை வேறு; இன்று சொல்லும் விடை வேறு. அந்த மாற்றம் எப்படி வந்தது என்பதை விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

1964ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஜாரட் என்ற கால்நடை மருத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும் இந்த வைரஸைக் கண்டுபிடித்தனர். பல பூனைகள் சேர்ந்து வளர்ந்த ஒரு வீட்டில், ஒன்றன்பின் ஒன்றாகப் பூனைகளுக்கு நிணநீர்ப் புற்றுநோய் வந்தது. ஒரு பூனைக்கு வந்தால் விதி எனலாம். ஒரே வீட்டில் இத்தனைக்கு வந்தால் அதற்கு ஏதோ காரணம் இருக்க வேண்டும் அல்லவா? எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, நோயுற்ற உயிரணுக்களில் வைரஸ் துகள்கள் தென்பட்டன.

இது ‘ரெட்ரோ வைரஸ்’ என்னும் இனத்தைச் சேர்ந்தது. இந்த இனத்தின் குணத்தை நம் வகுப்பறையை வைத்தே விளக்கலாம். வெளியிலிருந்து வந்த ஒரு பெண், யாரும் பாராத வேளையில் ஆசிரியையின் வருகைப் பதிவேட்டில் தன் பெயரையும் மையால் எழுதி வைத்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் முதல் ஆசிரியையே அவள் பெயரைத் தவறாமல் கூப்பிடுவார். பதிவேட்டைப் பார்த்து வேறொரு பதிவேடு எழுதினால் அதிலும் அவள் பெயர் ஏறிவிடும். ரெட்ரோ வைரஸ் செய்வதும் இதுதான். ஆர்.என்.ஏ. வடிவில் வரும் தன் மரபுச் செய்தியை டி.என்.ஏ.வாக மாற்றி, பூனையின் உயிரணுவிலுள்ள டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகிவிடுகிறது. அந்த உயிரணு இரண்டாகப் பிரியும்போதெல்லாம் வைரஸின் செய்தியும் கூடவே பிரதியெடுக்கப்படுகிறது. இம்மாற்றத்தைச் செய்யும் நொதியை 1970இல் ஹோவர்ட் டெமின், டேவிட் பால்ட்டிமோர் ஆகிய இருவரும் தனித்தனியே கண்டுபிடித்தனர். 1975இல் ரெனாட்டோ டல்பெக்கோவுடன் சேர்த்து இவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. இந்நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லாததற்கும் காரணம் இதுவே. பதிவேட்டில் மையால் எழுதியதை, தாளைக் கிழிக்காமல் அழிப்பது எப்படி?

வைரஸ் முக்கியமாக உமிழ்நீரில் வெளிப்படுகிறது. மூக்குச் சளியிலும், தாய்ப்பாலிலும், சிறுநீர், மலம் ஆகியவற்றிலும் இருக்கும். தாயின் வயிற்றில் இருக்கும்போதே குட்டிக்குத் தொற்றுவதும் உண்டு. நெடுநாள் சேர்ந்து வாழும் பூனைகளுக்கிடையே எளிதில் பரவும். கடித்துச் சண்டையிட்டாலும் பரவும். பெரு நாட்டு லீமா நகரில் வாழ்ந்த புனித மார்ட்டின் தெ போரஸ் நாயையும் பூனையையும் எலியையும் ஒரே தட்டில் உண்ண வைத்தார் என்று படித்திருக்கிறோம். நாயும் எலியும் அதில் உண்டால் இந்த வைரஸால் ஒரு தீங்கும் இல்லை. இரண்டு பூனைகளை மட்டும், இரத்தப் பரிசோதனை செய்யாமல் ஒரே தட்டில் உண்ண விடக் கூடாது! புனிதரே ஒரு மருத்துவ ஊழியர்தாம். இதைக் கேட்டால் அவரும் மறுக்கமாட்டார் என்றே நம்புகிறேன்.

பெற்றோருக்கு ஓர் ஆறுதல். இந்நோய் மனிதருக்குத் தொற்றுவதாக இதுவரை தெரியவில்லை. வைரஸும் வெளியில் வலுவற்றது. உலர்ந்த இடத்தில் சில மணி நேரத்திலேயே அழிந்துவிடும். சாதாரண சோப்பு நீர் போதும் அதைக் கொல்ல.

வைரஸ் உடலில் புகுந்த பூனைகளெல்லாம் இறந்துவிடுகின்றனவா என்றால், இல்லை. இக்கட்டுரையில் நான் முக்கியமாகக் கருதும் செய்தி இதுதான். வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ நுழையும் வைரஸ், முதலில் தொண்டையருகில் உள்ள நிணநீர்த் திசுக்களில் பெருகுகிறது. அங்கேயே பூனையின் எதிர்ப்புச் சக்தி அதனை அழித்துவிடுவது உண்டு. அந்தப் பூனைக்கு நோய் வந்ததே வீட்டாருக்குத் தெரியாது. அவ்வாறு அழிக்க முடியாதபோது வைரஸ் இரத்தத்தில் பரவி, சில வாரங்களில் எலும்பு மஜ்ஜையை அடைகிறது. இரத்த அணுக்கள் பிறக்கும் இடம் அதுவன்றோ! அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டது என்று பொருள்.

அப்போதும் எல்லாம் முடிந்துவிடவில்லை. சில பூனைகளின் உடல், வைரஸ் புதிதாகப் பெருகாதபடி அதனை அடக்கி வைத்துவிடும். டி.என்.ஏ.வில் அது தூங்கிக்கொண்டிருக்கும். இரத்தத்திலும் உமிழ்நீரிலும் வெளிப்படாது. இத்தகைய பூனை மற்றப் பூனைகளுக்கு நோயைப் பரப்புவதில்லை. தானும் பல ஆண்டுகள் நலமாக வாழக்கூடும். ஆனால் ஸ்டீராய்டு போன்ற எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகளைக் கொடுத்தால் தூங்கும் வைரஸ் விழித்துக்கொள்ள இடமுண்டு. இதன் இரத்தத்தை வேறு பூனைக்கு ஏற்றவும் கூடாது. ஏற்றினால் நோயும் சேர்ந்து ஏறலாம்.

அடக்கி வைக்க இயலாத பூனைகளில்தான் வைரஸ் தடையின்றிப் பெருகி, இரத்தத்தில் எப்போதும் இருந்து, நோயாக முற்றுகிறது. எந்தப் பூனை எந்த வழியில் செல்லும் என்பது பெரும்பாலும் அதன் வயதைப் பொறுத்தது. பிறந்த சில வாரங்களில் தொற்றினால் தப்புவது அரிது. நன்கு வளர்ந்த பூனைகளோ பெரும்பாலும் எதிர்த்து நின்றுவிடுகின்றன.

1973இல் அமெரிக்காவைச் சேர்ந்த வில்லியம் ஹார்டி என்பவர் இரத்தத்தில் இவ்வைரஸைக் கண்டறியும் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். அதன்பின் அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் பரிசோதித்து, ‘உண்டு’ என்று வந்த பூனைகளைப் பிரித்தனர். அவற்றுள் பலவற்றை ஊசி போட்டுக் கொன்றனர். இதை முழுவதும் கொடுமை என்று சொல்லிவிட முடியவில்லை. அப்போது தடுப்பூசி கிடையாது, நோய் குறைந்ததற்கு அம்முறையும் ஒரு காரணம். இருப்பினும், வைரஸை அடக்கி வாழக்கூடிய பூனைகளும் அவற்றோடு சேர்ந்து போயிருக்குமே என்று எண்ணும்போது மனம் சங்கடப்படுகிறது.

இப்போது மருத்துவமனையிலேயே சில சொட்டு இரத்தத்தை எடுத்துப் பத்து நிமிடத்தில் முடிவு சொல்லும் பரிசோதனை இருக்கிறது. அது வைரஸின் ஒரு புரதத்தைத் தேடிப் பிடிக்கிறது. ஆனால் ஒரே ஒரு பரிசோதனையை நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது என்பதே இன்றைய முறை. பரிசோதனையே சில வேளை பிழையாகக் காட்டலாம். அல்லது உடல் வைரஸோடு போராடிக்கொண்டிருக்கும் நேரத்தில் இரத்தம் எடுத்திருக்கலாம். சில வாரம் கழித்து எடுத்தால் ‘இல்லை’ என்று வரும். ஆகவே வேறொரு முறையில் ஆய்வுக்கூடத்தில் உறுதி செய்துகொண்டு, ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து மீண்டும் ஒரு முறை பார்க்கிறார்கள். அமெரிக்கப் பூனை மருத்துவர்கள் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி, பரிசோதனை முடிவு ஒன்றை மட்டும் வைத்துப் பூனையின் உயிரை நீக்கக் கூடாது என்று தெளிவாகக் கூறுகிறது. ‘இல்லை’ என்று வந்தாலும் அவசரப்படக் கூடாது. தொற்றி முப்பது நாளாவது ஆகவில்லையென்றால் பரிசோதனையில் தெரியாமல் போகலாம்.

நோய் முற்றும் வகையைச் சேர்ந்ததென்று உறுதியாகிவிட்டால் என்ன செய்வது? இங்கேதான் சிகிச்சை தொடங்குகிறது. அதில் பாதிக்கு மேல் மருந்தே அல்ல, கவனிப்பு. பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். வெளியே விட்டால் பிறரிடமிருந்து அதற்கு நோய் வரும். அதனிடமிருந்து பிறருக்கு வைரஸ் போகும். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துவிட வேண்டும். உணவு நன்றாக வெந்திருக்க வேண்டும். மீன் கழுவும் இடத்தில் வந்து நிற்கும் பூனைக்குப் பச்சை மீன் தலையைத் தூக்கிப் போடுவது நம் வீடுகளில் வழக்கம். எதிர்ப்புச் சக்தி இல்லாத பூனைக்கு அதுவே எமனாகலாம். அத்தலையை மஞ்சள் உப்பு எதுவும் போடாமல் வேகவைத்துக் கொடுக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது மருத்துவரிடம் காட்டி, எடை, பல், ஈறு, இரத்த அணுக்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இடையில் வீட்டாரே எடையைக் குறித்து வரலாம். பூனையை ஏந்திக்கொண்டு எடைபார்க்கும் இயந்திரத்தில் ஏறி, பிறகு நாம் மட்டும் ஏறிக் கழித்துக்கொள்வதுதான் எளிது. தனியே நிற்கச் சொன்னால் எந்தப் பூனையும் நிற்காது.

நல்ல பூனை என்றால் இரண்டு நாள் காத்துப் பார்ப்போம். இந்தப் பூனைக்குக் காத்திருக்கக் கூடாது. தும்மல், காய்ச்சல், வாய்ப்புண், சோறு வேண்டாமை, எதுவானாலும் அன்றே காட்ட வேண்டும். பூனையின் இயல்பான உடல் வெப்பமே ஏறத்தாழ 100.5 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். எனவே நம் உடல் கணக்கில் காய்ச்சல் பார்க்கக் கூடாது. காய்ச்சல்தானே என்று வீட்டில் உள்ள பாராசிட்டமால் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது மிகப் பெரிய ஆபத்து. பூனையின் கல்லீரலால் அம்மருந்தை மாற்றி வெளியேற்ற முடியாது. ஒரே மாத்திரையில் இறந்துபோகக்கூடும். லுகேமியா இல்லாத பூனைக்கும் இது பொருந்தும்.

ஈறு வெளுத்துப் போவது இரத்த சோகையின் அடையாளம். இதற்கும் இரண்டு விதக் காரணம் உண்டு. வைரஸே எலும்பு மஜ்ஜையைக் கெடுத்திருக்கலாம். அப்படியானால் இரத்தம் ஏற்றுவதைத் தவிர வேறு வழி குறைவு. பூனைகளிலும் ஏ, பி, ஏபி என்று இரத்த வகைகள் இருப்பதால், வகை பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். பி வகைப் பூனைக்கு ஏ வகை இரத்தம் ஏற்றினால் முதல் முறையே உயிர் போகலாம். ஆனால் சில பூனைகளில் இரத்த சோகைக்குக் காரணம் லுகேமியா வைரஸ் மட்டுமாக இராது. சிவப்பணுக்களில் ஒட்டி வாழும் மைக்கோபிளாஸ்மா என்ற மற்றொரு கிருமியும் சேர்ந்திருக்கும். இதற்கு டாக்சிசைக்ளின் என்ற மலிவான மருந்தே போதும். அம்மாத்திரை பூனையின் உணவுக்குழாயில் சிக்கிப் புண்ணாக்கும் என்பதால், கொடுத்தவுடன் சிறிது தண்ணீரோ உணவோ புகட்ட வேண்டும். தீராத நோய் என்று முடிவு கட்டியிருந்தால், தீர்க்கக்கூடிய இந்தச் சோகையையும் பாராமல் விட்டிருப்போம் அல்லவா?

புற்றுநோய் வந்துவிட்ட பூனைகளின் நிலை கடினம். லுகேமியா வைரஸ் உள்ள பூனைக்கு நிணநீர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றப் பூனைகளைவிடச் சுமார் அறுபது மடங்கு அதிகம். இளம் பூனைகளில் அது நெஞ்சுக்கூட்டில் கட்டியாக வந்து மூச்சுத் திணறலை உண்டாக்கும். மனிதருக்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின், சைக்ளோபாஸ்பமைடு, பிரெட்னிசலோன் ஆகிய மருந்துகளையே அளவு குறைத்துக் கொடுக்கிறார்கள். கட்டி கரையும், பூனை மீண்டும் விளையாடும். ஆனால் வைரஸ் உள்ள பூனைகளுக்கு அந்த நலம் பெரும்பாலும் சில மாதங்களே நீடிக்கிறது. மருந்து கொடுக்கலாமா வேண்டாமா என்று வீட்டாரும் மருத்துவரும் கூடிப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

வைரஸையே தாக்கும் மருந்துகள் இல்லாமலில்லை. எய்ட்ஸ் நோய்க்கு 1987இல் முதன்முதலாக அங்கீகரிக்கப்பட்ட ஏ.இசட்.டி. என்ற மருந்தைப் பூனைகளுக்கும் கொடுத்துப் பார்த்தனர். அம்மருந்து முதலில் உருவாக்கப்பட்டதும் 1964இல்தான், பூனை லுகேமியா வைரஸ் கண்டுபிடிக்கப்பட்ட அதே ஆண்டு! ஆனால் பூனை லுகேமியாவில் பயன் சுமார்தான். அதோடு, அதுவே இரத்த சோகையை உண்டாக்கக்கூடியது. ரால்டெக்ராவிர் என்ற பின்னாளைய மருந்து இரத்தத்தில் வைரஸைக் குறைத்தது; நிறுத்தியதும் வைரஸ் திரும்பிவிட்டது. இன்டர்பெரான் கொடுத்த பூனைகள் சில ஆய்வுகளில் கூடுதல் காலம் வாழ்ந்தன. இவற்றுக்கெல்லாம் பணமும் வேண்டும்.

சரி, எவ்வளவு நாள் வாழும்? நோய் முற்றும் வகைப் பூனைகளுக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு, நோய் தெரிந்ததிலிருந்து ஏறத்தாழ இரண்டரை ஆண்டு என்பதாகும். இதைக் கேட்டதும் இரண்டரை ஆண்டில் பூனை இறந்துவிடும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். இது கணக்குப் பாடத்தில் நாம் படிக்கும் இடைநிலை அளவு. பாதிப் பூனைகள் அதற்குள் இறந்தன, மறுபாதி அதற்கு மேலும் வாழ்ந்தன என்பதே இதன் பொருள். நம் பூனை எந்தப் பாதியில் இருக்கிறது என்று இவ்வெண் சொல்லாது. அதனைச் சொல்ல வைரஸின் அளவு ஓரளவு உதவுகிறது. 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வைரஸ் புரதமும் அதன் டி.என்.ஏ.வும் மிகுதியாக இருந்த பூனைகளில் பாதி ஒன்றரை ஆண்டுக்குள் இறந்துவிட்டன. குறைவாக இருந்தவற்றில் பத்தில் ஒன்பது நான்கு ஆண்டுகள் கழித்தும் உயிரோடு இருந்தன. இரண்டு பிரிவும் முதல் பரிசோதனையில் ‘உண்டு’ என்று வந்தவையே! பழைய முறைப்படி இரண்டுக்கும் ஒரே ஊசிதான் கிடைத்திருக்கும்.

பூனையின் இரண்டரை ஆண்டு சிறிது என்றும் எண்ண வேண்டாம். நலமான வீட்டுப் பூனையே பதினைந்து ஆண்டு அளவில்தான் வாழ்கிறது. அந்தக் கணக்கில் அது நம் பள்ளிப் பருவம் முழுவதற்கும் சமம். நோய் தெரிந்த பின்னும், காலத்தின் பெரும்பகுதியில் பூனை வலியின்றி உண்டு, வெயில் காய்ந்து, உறங்கிக்கொண்டுதான் இருக்கும். சாப்பிடவும் எழவும் முடியாமல், மருந்தாலும் துன்பம் தணியாத நாள் வரும்போது, வலியில்லாமல் உயிர் பிரியச் செய்யும் ஊசியைப் பற்றி மருத்துவரே சொல்வார். அது அந்த நாளுக்கு உரிய பேச்சு. பரிசோதனை முடிவு வந்த நாளுக்கு உரியதன்று.

வீட்டில் வேறு பூனைகள் இருந்தால் அவற்றையும் பரிசோதிக்க வேண்டும். நோயற்றவற்றைத் தனி அறை, தனித் தட்டு, தனி மணல் தொட்டி என்று பிரித்து, தடுப்பூசி போட வேண்டும். அமெரிக்காவில் 1985இல் இதற்கான முதல் தடுப்பூசி விற்பனைக்கு வந்தது. நோய் உள்ள பூனைக்கு அதனால் பயனில்லை; நோயற்றதை அது காக்கும், ஆனால் நூற்றுக்கு நூறு அன்று. அதனால்தான் தடுப்பூசி போட்ட பிறகும் பிரித்து வைக்கச் சொல்கிறார்கள்.

தடுப்பூசியின் அருமையை வீட்டுப் பூனைகளைவிடக் காட்டுப் பூனையினங்களில் நன்றாகக் காணலாம். அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்துச் சதுப்புக் காடுகளில் எண்ணிக்கை அருகிப்போன பாந்தர் என்ற பெரும்பூனை உண்டு. 2002க்கும் 2004க்கும் இடையில் அவற்றுள் ஐந்து, லுகேமியா வைரஸ் தொற்றி இறந்தன. வைரஸ் வீட்டுப் பூனையிடமிருந்து வந்தது என்று மரபணு ஆய்வு காட்டியது. உடனே காட்டுக்குள் சென்று, பாந்தர்களை மயக்க மருந்து கொடுத்துப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் தடுப்பூசி போட்டு விட்டார்கள். 2007இல் ஸ்பெயின் நாட்டு தொன்யானா காட்டில், ஐபீரிய லிங்க்ஸ் என்ற அரிய விலங்குக்கும் இதே நோய் வந்தது. அங்கும் இவ்வாறே செய்தனர். புலிபோன்ற ஒன்றைப் பிடித்து ஊசி போட முடியுமானால், மடியில் உறங்கும் பூனைக்குப் போடுவது பெரிய வேலையா என்ன!

நோயுற்ற பூனை இறந்த வீட்டில் மறுபடி பூனை வளர்க்கலாமா என்றும் சிலர் கேட்பர். தாராளமாக வளர்க்கலாம். அது உண்ட தட்டையும் படுத்த துணியையும் சோப்பு நீரில் நன்றாகக் கழுவி, வெயிலில் உலர்த்தினால் வைரஸ் இராது. புதுக் குட்டிக்கு முதலில் இரத்தப் பரிசோதனை. ‘இல்லை’ என்று வந்தால், எட்டு வாரம் ஆனதும் முதல் ஊசி; மூன்று நான்கு வாரம் கழித்து இரண்டாவது; ஓராண்டு சென்றதும் இன்னொன்று.